இரண்டும் பெண் என்றார்கள்

இரண்டும் பெண் என்று சொல்லித்தான் ஜெர்பில் (எலி போன்ற சின்ன வளர்ப்புப் பிராணி) ஜோடியைக் கொடுத்தார்கள். ஒருநாள் காலை தொட்டிக்குள் கீச்கீச்சென்று சத்தம். காகிதத் துணுக்குகளை விலக்கினால், சுண்டுவிரல் நுனி அளவில் ரோஸ் நிறத்தில் நான்கு குட்டிகள்!

தாய் ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும் என்று படித்ததும் அப்பனை வேறு தொட்டிக்கு மாற்றினேன். நல்லவேளை, அடுத்த ஈற்று வரவில்லை. குட்டிகள் மாட்டிக்கொள்ளும் என்பதால் ஓடுசக்கரத்தையும் எடுத்துவிட்டேன்.

ஐந்து வாரம் ஆனதும் வாலைத் தூக்கிப் பார்த்தேன். ஆண்களுக்கு வாலடியில் புடைப்பு தெரிந்தது; இரண்டு ஆண், இரண்டு பெண். மகள்கள் அம்மாவோடேயே இருந்தன.

மகன்களை அப்பனோடு விடுவதுதான் பெரிய பாடு. பிரிந்து இருந்ததில் வாசனை மறந்து, சொந்தப் பிள்ளையையே கடிக்கப் பாயும். தொட்டிக்கு நடுவே சின்னக் கண்ணிக் கம்பிவலை வைத்து, தினமும் பக்கம் மாற்றி மாற்றி விட்டேன். முதலில் வலையைப் பிறாண்டின. பத்தாம் நாள் வலையின் இருபுறமும் ஒட்டிப் படுத்திருந்தன. அப்புறம் வலையை எடுத்துவிட்டு, கையில் தடித்த கையுறையோடு அன்று முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மூன்றும் ஒரே குவியலாகத் தூங்கின.