கைமாறி வரும் பென்ஸ், பிஎம்டபிள்யூ: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

பத்து ஆண்டைத் தாண்டிய பிஎம்டபிள்யூ 320ஐ ஒன்றின் விலை, இன்று புதிய மைவி ஒன்றின் விலையை நெருங்கி நிற்கிறது. பாடாங் செராய், லூனாஸ் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் ஆலைகளில் நிலையான சம்பளம் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு அது கைக்கெட்டும் விலையாகத் தெரிவதில் வியப்பில்லை. அந்த ஆசையில் தவறும் இல்லை. ஆனால் விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். அதன் உதிரிப்பாகங்களும் பட்டறைக் கூலியும், அந்தக் கார் புதிதாக இரண்டு இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் விற்ற நாளின் கணக்கிலேயே இன்றும் இருக்கின்றன. பிஎம்டபிள்யூ கார்கள் பக்கத்திலிருக்கும் கூலிமில்தான், இனோகோம் ஆலையில் பொருத்தப்படுகின்றன என்பதால் உதிரிப்பாகமும் இங்கே மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பெக்கானில் பொருத்தப்படும் மெர்சிடிஸ் பென்ஸுக்கும் இதே நிலைதான்.

எனவே முதல் கணக்கு ஆண்டுச் செலவைப் பற்றியதாக இருக்கட்டும். தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரிலுள்ள சலூன் காருக்குச் சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. 1,997 சிசி உள்ள 320ஐ காருக்கு 378 ரிங்கிட் 50 சென் கட்டினால் போதும். 2,996 சிசி உள்ள பழைய 528ஐ காருக்கு அது 2,120 ரிங்கிட்டாகவும், 3,498 சிசி உள்ள ஈ350 பென்ஸுக்கு 4,371 ரிங்கிட்டாகவும் ஏறிவிடும். பெரிய இயந்திரக் கார்கள் சந்தையில் மலிவாகக் கிடப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். என் கருத்தில், தோட்டப்புற ஊரில் குடும்பம் நடத்தும் ஒருவர் இரண்டாயிரம் சிசிக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது.

காப்புறுதியில் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கோரிக்கை ஏதும் இல்லாமல் ஓட்டியவருக்கு 55 விழுக்காடு என்சிடி கழிவு உண்டு. அது காரைச் சேராது, ஆளைச் சேரும் என்பதால் உங்கள் பழைய காரிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். அடுத்தது, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட காரை விபத்துக்குப் பின் புதிய உதிரிப்பாகம் போட்டுச் செப்பனிடும்போது, அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்கும்படி நிறுவனம் கேட்கலாம். பத்து ஆண்டான காருக்கு அந்தப் பங்கு 40 விழுக்காடு வரை போகும். ஒரு பென்ஸின் முன்விளக்கு உடைந்தால் இந்த 40 விழுக்காடே பெரும் தொகையாகிவிடும் என்பதால், இதை விலக்கித் தரும் கூடுதல் பாதுகாப்பு கிடைக்குமா என்று முகவரிடம் கேட்பது அவசியம். கடைசியாக, வெள்ளச் சேதம் சாதாரண முழுக் காப்புறுதியில் சேராது. அதற்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும்.

காரைத் தேடும் முன்னரே, அதைப் பழுதுபார்க்கும் போமேனைத் தேடுங்கள். மைவியையும் சாகாவையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டும் நம் ஊர்ப் பட்டறைக்காரர் கைராசியானவராக இருக்கலாம். ஆனாலும் ஜெர்மன் காருக்கு அந்தந்த நிறுவனத்துக்குரிய சோதனைக் கருவியும், அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கமும் வேண்டும். புக்கிட் மெர்தாஜாம், பட்டர்வொர்த் பக்கம் இந்த இரண்டு வகைக் கார்களை மட்டுமே பார்க்கும் பட்டறைகள் உள்ளன. பட்டர்வொர்த்–கூலிம் நெடுஞ்சாலையில் ஏறினால் அதிக நேரம் பிடிக்காது. அங்கே ஒருவரிடம் பேசி, நீங்கள் வாங்க நினைக்கும் மாடலைச் சொல்லி, அது பட்டறைக்கு எதற்காக வருகிறது என்று கேளுங்கள். காரைப் பார்க்கப் போகும் நாளில் அவரையே கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கூலியைச் செலவு என்று எண்ணாதீர்கள்.

மாடல்களைப் பொறுத்தவரை, இந்த விலையில் நம் பக்கம் அதிகம் கைமாறுபவை எஃப்30 வரிசை (3 சீரிஸ்) பிஎம்டபிள்யூவும், டபிள்யூ204 வரிசை சி-கிளாஸ் பென்ஸும்தான். எஃப்30 வரிசையில் 2012 முதல் 2015 வரை வந்த 320ஐ, 328ஐ கார்களில் என்20 என்ற இயந்திரம் இருக்கும். அதில் இயந்திரத்தின் உட்பாகங்களை ஒத்து இயங்கவைக்கும் டைமிங் செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் பட்டைகள் நாளடைவில் நொறுங்கி விழுவது பலரும் அறிந்த குறை. செயின் நழுவினால் இயந்திரமே போய்விடும். மெதுவாக ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது முன்புறத்திலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் ஏறி இறங்கினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், அல்லது செயின் மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள். அதே காரில் தண்ணீர் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. அது பெரும்பாலும் 100,000 கிலோமீட்டரை ஒட்டி, முன்னறிவிப்பு அதிகம் இல்லாமல் நின்றுவிடும். டபிள்யூ204 வரிசையில் 1,796 சிசி இயந்திரம் உள்ளவற்றில், காலையில் முதல்முறை முடுக்கும்போது சில விநாடிகள் சங்கிலி குலுங்குவதுபோல் ஓசை கேட்டால், செயினும் கேம்ஷாஃப்ட் பற்சக்கரமும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். காற்றுச் சஸ்பென்ஷன் உள்ள பெரிய பென்ஸ்கள் இரவு நிறுத்திவைத்தால் விடியும்போது ஒருபக்கம் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2016 முதல் வரிச் சலுகையுடன் வந்த 330இ, சி350இ போன்ற பிளக்-இன் ஹைபிரிட் (பெட்ரோலிலும், செருகி மின்னேற்றும் பேட்டரியிலும் ஓடும்) கார்கள் இப்போது வியக்கத்தக்க மலிவில் கிடைக்கின்றன. உயர்மின்னழுத்த பேட்டரியைச் சோதித்த அறிக்கை கையில் இல்லாமல் அவற்றின் பக்கம் போக வேண்டாம்.

பார்க்கப் போகும்போது, நீங்கள் வரும்வரை இயந்திரத்தை முடுக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். போனவுடன் பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கேட்கக்கூடிய சத்தம் எதையோ அவர் மறைக்க விரும்பியிருக்கலாம். இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். பானட்டைத் திறந்ததும் கைவிளக்கை எடுத்து, ஆயில் ஃபில்டர் பொருந்தியிருக்கும் அலுமினியக் கூட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். புதிதாகக் கழுவிய இயந்திரத்தில்கூட அந்த இடுக்கில் கறுத்த பிசுக்கு ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் மண்ணும் எண்ணெயும் சேர்ந்த சேறாக வரும். பிஎம்டபிள்யூவில் அந்த ரப்பர் காஸ்கெட் இறுகிக் கசிவது சாதாரணமான குறைதான். சிறு தொகையில் சரிசெய்யலாம். ஆனால் அந்த எண்ணெய் கீழே ஓடும் பெல்ட்டின்மேல் சொட்டிக்கொண்டிருந்தால், பழைய உரிமையாளர் நெடுநாள் கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். கசிவைவிட அந்த அலட்சியம்தான் நீங்கள் விலை கொடுத்து வாங்கக்கூடாத பொருள்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பிஎம்டபிள்யூவில் ஓடிய தூரம் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிவாகியிருக்கும். மீட்டரைப் பின்னோக்கித் திருப்பியவர் எல்லாவற்றையும் திருத்தியிருப்பது அரிது என்பதால், சோதனைக் கருவியைப் பொருத்திப் படித்தால் எண்கள் முரண்படுவது தெரிந்துவிடும். 60,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் காரில் ஸ்டீயரிங் தோலும் பிரேக் மிதியின் ரப்பரும் வழுவழுவென்று தேய்ந்திருந்தாலும் அதே சந்தேகம் எழ வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நான்கு டயரும் நான்கு வெவ்வேறு பிராண்டாக இருந்தால், பராமரிப்புக்குப் பணம் போதாத வீட்டிலிருந்து அந்தக் கார் வருகிறது.

வெள்ளத்தில் மூழ்கிய கார் நாடு முழுவதும் பயணிக்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட இடங்களில் மூழ்கிய கார்களைப்போல் மூழ்கியவை, கழுவித் துடைத்து, வடக்கே உள்ள விற்பனைக் கடைகளிலும் வந்து நிற்கக்கூடும். பாதுகாப்புப் பட்டையைக் கடைசிவரை இழுத்து, சுருளின் அடியில் இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை உள்ளதா என்று பாருங்கள். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு, பின்பெட்டியின் (பூட்) அடிக் குழியில் மண், கம்பளத்தின் அடியில் ஈரம் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும்.

இனித் தாள்கள். முகநூலிலும் டெலிகிராமிலும் ‘சம்போங் பாயார்’ என்று வரும் விளம்பரங்களைத் திறந்தே பார்க்காதீர்கள். ஐயாயிரம் ரிங்கிட் முன்பணம் கொடுத்து, மாதத் தவணையைத் தொடர்ந்து கட்டிக்கொண்டு பென்ஸ் ஓட்டலாம் என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்தக் கார், கடன் வாங்கியவர் பெயரிலும் வங்கியின் உரிமையிலுமே இருக்கும். வங்கியின் ஒப்புதலின்றி அதைக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்துக்கு எதிரானது. நீங்கள் கொடுக்கும் பணத்தை அவர் வங்கியில் கட்டாமல் இரண்டு தவணை தொடர்ந்து தவறினால், அறிவிப்புக் கடிதம் அவர் வீட்டுக்குப் போகும், கார் உங்கள் வீட்டு வாசலிலிருந்து போகும். விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் உங்களுக்குத் துணை நிற்காது. நம் இளைஞர்கள் இதில் சிக்கி, சேமித்த பணத்தையும் குடும்பத்தின் நிம்மதியையும் இழப்பதைக் காணும்போது நெஞ்சு பொறுப்பதில்லை. பெற்றோர் இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

நேர்மையான விற்பனையில் வேலை எளிது. விற்பவரின் மைகார்டும் கிராண்டில் (காரின் பதிவுச் சான்றில்) உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். கடன் மீதி இருந்தால் வங்கியின் தீர்வுக் கடிதம் வேண்டும். சம்மன் பாக்கியும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தடையும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு முன் வாகனச் சோதனை நிலையத்தில் பி5 என்னும் சோதனை செய்ய வேண்டும். வங்கிக் கடனில் வாங்கினால் பி7 சோதனையும் தேவைப்படும். சேசிஸ் எண், இயந்திர எண், வெட்டி ஒட்டிய உடல் போன்றவற்றை இந்தச் சோதனை பிடித்துவிடும் என்றாலும், டைமிங் செயினின் தேய்மானத்தை அது சொல்லாது என்பதால் உங்கள் போமேனின் சோதனைக்கு அது மாற்றாகாது. கடனை ஒன்பது ஆண்டு வரை இழுக்க விதிமுறை இடம் தருகிறது. பழைய காருக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் நீளும் தவணையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கார் வீட்டுக்கு வந்ததும், விலையில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டை முதல் ஆண்டுப் பழுதுக்கென்று ஒதுக்கிவையுங்கள். முதல் வாரத்திலேயே இயந்திர ஆயில், ஃபில்டர்கள், பிரேக் திரவம், கூலண்ட் அனைத்தையும் மாற்றி, அந்த நாளிலிருந்து புதுக் கணக்கைத் தொடங்குங்கள். ஆயில் டின்னில் பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-01 அல்லது எல்எல்-04, பென்ஸுக்கு 229.5 அல்லது 229.51 என்று உங்கள் இயந்திரத்துக்குரிய அங்கீகாரம் அச்சாகியிருக்க வேண்டும். காரின் கணினி இன்னும் தூரம் மீதி உள்ளது என்று சொன்னாலும், நம் வெயிலுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுவதே நன்று. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுதும் போதும் என்று கேள்விப்படுவீர்கள். பிஎம்டபிள்யூவின் எட்டு கியர் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அதை மாற்றச் சொல்கிறது. கூலண்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்தக் கார்களில் அது அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கும். குறைவது தொடர்ந்தால், ஊற்றிக்கொண்டே இராமல் கசிவைத் தேடுங்கள். பிஎம்டபிள்யூவின் பேட்டரியை மாற்றினால் புதியதைக் காரின் கணினியில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். இல்லையேல் பழைய பேட்டரிக்குரிய அளவிலேயே மின்னேற்றம் நடந்து, புதியது சீக்கிரம் பழுதாகும்.

தோட்டப்புறத்துக்கென்றே சில தொல்லைகள் உண்டு. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகும் பாதையில் உதிர்ந்து கிடக்கும் முட்கள், பக்கவாட்டு உயரம் குறைந்த டயரை எளிதில் துளைக்கும். ரன்-ஃபிளாட் டயர் (காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும் டயர்) உள்ள பிஎம்டபிள்யூவில் மாற்றுச் சக்கரமும் இருக்காது என்பதால் காற்றடிக்கும் கருவி ஒன்றைப் பின்பெட்டியில் வைத்திருங்கள். செம்மண் தூசியில் ஓடும் காருக்குக் காற்று ஃபில்டரையும் ஏர்கோண்ட் ஃபில்டரையும் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். செம்பனைக் காட்டை ஒட்டிய வீடுகளில் எலி பானட்டுக்குள் ஏறி ஒயரைக் கடிப்பது வழக்கம். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள், எச்சம் கண்டால் அன்றே சுத்தம் செய்யுங்கள். மரத்தடியில் நிறுத்துபவர்கள் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேரும் இலைகளை அள்ளிப் போடுவதை மறக்கக் கூடாது. அங்குள்ள வடிகால் அடைத்தால் மழைநீர் காருக்குள் இறங்கி, மின்னணுப் பெட்டிகளைக் கெடுத்துவிடும். சன்ரூஃப் உள்ள காருக்கு அதன் நான்கு மூலைக் குழாய்களும் இதே கவனத்தைக் கேட்கும்.

புதிய உதிரிப்பாகத்தின் விலை மலைக்க வைக்கும்போது, பழைய கார்களை வெட்டிப் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகள் கைகொடுக்கும். கதவு, விளக்கு, கண்ணாடி, இருக்கை போன்றவற்றை அங்கே தயங்காமல் வாங்கலாம். தண்ணீர் பம்ப், ரப்பர் குழாய், பிரேக் சம்பந்தப்பட்டவை, காற்றுச் சஸ்பென்ஷன் பைகள் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். அசல் நிறுவனத்துக்குச் செய்துகொடுக்கும் உற்பத்தியாளர்களின் பெயரில், சின்னம் இல்லாமல் விற்கும் புதியவை குறைந்த விலையில் கிடைக்கும். எதை வாங்கினாலும், மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ரசீதின் மேல் எழுதி ஒரே கோப்பில் போட்டுவையுங்கள். அடுத்த முறை எச்சரிக்கை விளக்கு எரியும்போது போமேன் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.