இஸ்ரவேலரின் நியாயப்பிரமாணத்தைப் படிப்பது எப்படி: ஒரு போர்வையிலிருந்து தொடங்குதல்

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம் முதல் உபாகமம் வரையான நூல்களில் பரவியிருக்கும், நியாயப்பிரமாணம் எனப்படும் இஸ்ரவேலரின் சட்டங்களைப் படிக்க முற்படுகிறவர்கள், பலிகளைப் பற்றிய விதிகளை ஆசாரியருக்கும், வழக்குகளைப் பற்றிய விதிகளை நியாயாதிபதிகளுக்கும், ஏழைகளைப் பற்றிய விதிகளைத் தர்ம சிந்தனை உள்ளவர்களுக்கும் எனப் பங்கிட்டுக்கொண்டு படிப்பதுண்டு. அப்படிப் படித்தால் இந்தச் சட்டங்களின் உயிர்நாடியே கைநழுவிப் போகும் என்பது என் உறுதியான கருத்து. நீதியும் இரக்கமும் வழிபாடும் பல இடங்களில் ஒரே விதிக்குள் இணைந்திருக்கின்றன. அதைக் கண்டுகொள்ள, முழு நூலையும் ஒரே மூச்சில் படிப்பதைவிட, ஒரு சிறிய சட்டத்தை எடுத்து அதை நாலா பக்கமும் தொடர்ந்து செல்வதே நல்ல வழி.

யாத்திராகமம் 22:26, 27 வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிறனுடைய மேல்வஸ்திரத்தைக் கடனுக்கு ஈடாக வாங்கியவன், பொழுது போகுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதில் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது, யார் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள். கடன் கொடுத்தவன் ஈடு வாங்கலாம்; அந்த உரிமையைச் சட்டம் பறிக்கவில்லை. ஆனால் கடனாளிக்கு இரவில் போர்த்திக்கொள்ள வேறு துணி இல்லை என்பதால், அந்த உரிமை சூரியன் மறையும்போது நின்றுவிடுகிறது. இதை மீறினால் இத்தனை வெள்ளி அபராதம் என்று எதுவும் சொல்லப்படவில்லை. அவன் என்னை நோக்கி முறையிட்டால் நான் கேட்பேன், நான் இரக்கமுள்ளவர் என்று கடவுளே சொல்வதோடு விதி முடிகிறது. எந்த நீதிமன்றமும் எட்டாத ஓர் இடத்தில், கடனாளியின் முறையீட்டைக் கேட்பவராகக் கடவுள் நிற்கிறார்.

அடுத்து, அக்கம்பக்கத்து வசனங்களைப் பாருங்கள். இதற்கு முன்னால் அந்நியனையும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்கக் கூடாது என்பதும், ஏழையிடம் வட்டி வாங்கக் கூடாது என்பதும் இருக்கின்றன. இதற்குப் பின் ஒரு வசனம் தாண்டியதும் விளைச்சலின் முதற்பலனைக் காணிக்கையாகச் செலுத்தத் தாமதிக்கக் கூடாது என்பது வருகிறது. கடனும் காணிக்கையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்பதை ஒழுங்கின்மை என்று எண்ணித் தாண்டிச் செல்ல வேண்டாம்.

பிறகு அதே பொருள் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் இந்த விதி விரிகிறது. ஈடு வாங்கப் போகிறவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது; வெளியே நிற்க வேண்டும், கடனாளியே கொண்டுவந்து கொடுப்பான். மாவரைக்கும் திரிகைக்கல்லை ஈடாக வாங்கக் கூடாது, அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. விதவையின் வஸ்திரத்தை ஈடாக வாங்கவே கூடாது. கடனில் விழுந்தவனின் வாசற்படிக்கும் மரியாதை உண்டு என்று எண்ணிய ஒரு சட்டத்தை நான் எப்போது படித்தாலும் நின்று வியக்கிறேன்.

இனி தீர்க்கதரிசிகளிடம் போக வேண்டும். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பேசிய ஆமோஸ், ஈடாக வாங்கிய வஸ்திரங்களை விரித்து எல்லாப் பீடங்களின் அருகிலும் படுத்துக்கொள்கிறவர்களைக் கண்டிக்கிறார் (2:8). வழிபாடு நடக்கிறது, அது நடக்கும் இடத்தில் விரிக்கப்பட்டிருப்பது ஏழையின் போர்வை. யாத்திராகமத்தின் அந்த இரண்டு வசனங்களை அறிந்தவருக்கு இந்தக் கண்டனத்தின் கடுமை உடனே விளங்கும்.

இயலுமானால் அகழாய்வுச் சான்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலின் கடற்கரையில் யாவ்னே-யாம் அருகே உள்ள மெசாத் ஹஷாவ்யாகு என்ற பழங்கோட்டையில் 1960இல் கிடைத்த ஓட்டெழுத்து (உடைந்த மட்பாண்ட ஓட்டில் எழுதியது), கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த எபிரெய முறையீட்டு மனு. அறுவடைத் தொழிலாளி ஒருவர் தம் வேலையை முடித்த பின்னும் தம் வஸ்திரம் பறிக்கப்பட்டதாகவும், உடன் அறுத்தவர்கள் தமக்குச் சாட்சி சொல்வார்கள் என்றும் அதிகாரியிடம் முறையிடுகிறார். அவர் எந்தச் சட்டத்தையும் மேற்கோள் காட்டவில்லை; ஆகவே இதை யாத்திராகமத்தின் நேரடி நிரூபணமாகக் கொள்ளாமல், ஒரு வஸ்திரத்தை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பாக இருந்தது என்பதற்குச் சான்றாக மட்டும் கொள்வதே நேர்மை.

இப்போது எதிர்த்திசையில், பலியைப் பற்றிய ஒரு விதியிலிருந்து தொடங்குங்கள். லேவியராகமம் 6:1–7 இதற்கு மிகவும் ஏற்றது. பிறனை ஏமாற்றி எடுத்துக்கொண்டவன் முதலையும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். குற்றநிவாரணபலிக்கான ஆட்டுக்கடாவையும் கொண்டுவர வேண்டும். ஆட்டைக் கொடுத்துவிட்டு ஏமாற்றிய பொருளை வைத்துக்கொள்ள வழியே இல்லை. இதற்கு முந்தைய அதிகாரத்தில், ஆட்டுக்கு வகையில்லாதவன் இரண்டு புறாக்களையும், அதற்கும் வகையில்லாதவன் எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவையும் பாவநிவாரணபலியாகக் கொண்டுவரலாம் என்று இருப்பதையும் உடன் படியுங்கள். வேண்டுமென்றே கொலை செய்தவனை, அவன் தஞ்சம் புகுந்த பலிபீடத்திலிருந்தும் பிடித்துக்கொண்டு போகலாம் என்ற யாத்திராகமம் 21:14ஐயும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இரக்கம் நீதியைத் தள்ளிவிடுகிறதோ என்ற ஐயம் எழுந்தால் லேவியராகமம் 19ஐ நிதானமாகப் படியுங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் அந்நியனுக்கும் விடச் சொல்லும் அதே அதிகாரம், வழக்கில் ஏழைக்கும் சலுகை காட்டாதே, பெரியவனுக்கும் முகதாட்சிணியம் செய்யாதே என்று கட்டளையிடுகிறது. வயலில் எளியவனுக்குத் தனிப் பங்கு உண்டு. வழக்கில் இருவருக்கும் ஒரே அளவுதான்.

மனதை உறுத்தும் விதிகளை மறைத்துவிடாதீர்கள். அடிமையைக் கோலால் அடித்த எஜமான், அடிபட்டவன் ஓரிரு நாள் உயிரோடிருந்தால் தண்டனையிலிருந்து தப்புகிறான் (யாத்திராகமம் 21:20, 21). அதன் அருகிலேயே உபாகமம் 23:15, 16ஐ வையுங்கள்: தப்பியோடி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்புக்கொடுக்கக் கூடாது, அவன் தனக்குப் பிடித்த இடத்தில் குடியிருக்கட்டும். பாபிலோனில் அம்முராபி என்ற அரசனின் சட்டமோ அத்தகையவனை வீட்டில் ஒளித்துவைப்பவனுக்கு மரணதண்டனை விதித்தது. இரண்டாவது விதி முதலாவதன் கொடுமையைத் துடைத்துவிடாது; இரண்டையும் ஒரே தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.