ஒரு கிட்டாரு, ஒரு டிலே பெடல்: மானுவல் கோட்ஷிங் மாதிரி வாசிச்சுப் பழகுறது எப்படி

கிட்டாரு வாங்குனதும் எல்லாரும் மொதல்ல வேகமா சோலோ அடிக்கத்தான் பாப்போம், நானும் பினாங்கு ஜெலுத்தோங் ஃபிளாட்ல ஜன்னல சாத்திக்கிட்டு ரெண்டு வருஷம் வெரல தேய்ச்சேன், ஒண்ணும் வெளங்கல. அப்பறம்தான் கோட்ஷிங்க கேட்டேன். பெர்லின்காரரு, 1952ல பொறந்தவரு, ஹார்ட்மூட் என்கெ, கிளவுஸ் ஷுல்ஸ ரெண்டு பேரோட சேந்து ஆஷ் ரா டெம்பல்னு பேண்டு வச்சிருந்தாரு, 2022 டிசம்பர்ல போயிட்டாரு. 1975ல வந்த இன்வென்ஷன்ஸ் ஃபார் எலெக்ட்ரிக் கிட்டார் ஆல்பத்த மொத தடவ கேட்டப்ப சிந்தசைசர்னே நெனச்சேன், கடைசில பாத்தா பூராவும் கிட்டாரு, ஒரே டேப்புல நாலு தனித்தனிப் பதிவு வைக்கிற 4 டிராக் டியாக் மெஷின்ல மேல மேல அடுக்குனது. எக்கோவுக்கு ரெவாக்ஸ் ஏ77 டேப் மெஷின்.

டேப் மெஷின்ல பதியிற ஹெட்டும் திருப்பிப் பாடுற ஹெட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும், டேப்பு இங்கருந்து அங்க போய்ச் சேர்ற நேரம்தான் எக்கோ. நடுவுல 4 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க, டேப்பு செகண்டுக்கு 19 சென்டிமீட்டர் ஓடுனா 0.2 செகண்ட் கழிச்சு சத்தம் திரும்பி வரும். நமக்கு அந்தக் கஷ்டம் வேணாம், செகண்ட் ஹேண்ட் டிஜிட்டல் டிலே பெடல் (அடிச்ச நோட்ட கொஞ்சம் கழிச்சு திருப்பிப் பாடுற, காலால அமுக்குற பெட்டி) போதும், ஆனா எத்தன மில்லிசெகண்ட்னு நம்பர் காட்டுறதா பாத்து வாங்குங்க.

தாளம் தட்டுற மெட்ரோனோம நிமிஷத்துக்கு 120 பீட்டுல வைங்க. ஒரு நிமிஷத்துல இருக்குற 60,000 மில்லிசெகண்ட 120ஆல வகுத்தா ஒரு பீட்டுக்கு 500, அதுல முக்கா பங்கு 375, டிலேயில அதான் போடணும். எக்கோ மூணு நாலு தடவ வந்து அடங்கட்டும், அதோட சத்தம் உங்க சத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமமா இருக்கட்டும் (இத பயந்து கொறைக்கிறவங்கதான் அதிகம்). இப்ப ஒரு பீட்டுக்கு ரெண்டு நோட்டுன்னு ஒரே சீரா வாசிங்க. நீங்க அடிக்கிற ரெண்டு நோட்டுக்கு நட்ட நடுவுல எக்கோ வந்து விழும், நீங்க வாசிக்கிறத விட ரெண்டு மடங்கு வேகமா கேக்கும்.

வராதுன்னா தப்பு வலது கையிலதான். உள்ளங்கை ஓரத்த பிரிட்ஜ் (கிட்டாரு உடம்புல கம்பி ஒக்காந்திருக்கிற கட்ட) மேல வச்சு கம்பிய லேசா அமுக்கணும். கொஞ்சம் முன்னால போனா டொக்கு டொக்குன்னு மரத்த தட்டுற மாதிரி இருக்கும், பின்னால வந்தா கம்பி நீளமா பாடும், எக்கோவெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி சாம்பாராயிடும். அர சென்டிமீட்டர் வித்தியாசந்தான், எனக்கு அந்த எடம் பிடிபட ஒரு மாசம் ஆச்சு.

பக்கத்து புளோக்கு தம்பி ஒருத்தன் தைப்பூசத்துக்கு தண்ணீர்மலையில உருமி மேளம் அடிக்கிறவன், கிட்டாரே புடிச்சதில்ல. ரெண்டு நோட்டு காட்டிக் குடுத்தேன், அஞ்சு நிமிஷத்துல எக்கோவோட ஒட்டிக்கிட்டான். "அண்ணே, இன்னொரு ஆளு கூட நின்னு அடிக்கிற மாதிரி இருக்குண்ணே"ன்னான். அவ்ளோதான் விஷயம், நீங்க அடிக்கிறத விட திரும்பி வர்றதுக்கு காது குடுக்கணும்.

அது கைக்கு வந்தப்பறம் லூப்பர்ல (வாசிச்சத சுத்திச் சுத்தித் திருப்பிப் பாடுற பெடல்) அடுக்க ஆரம்பிக்கலாம். ரெண்டாவது அடுக்குக்கு வால்யூம் பெடல், நோட்ட அடிக்கும்போது மூடி வச்சு மெதுவா தெறந்தா வயலின் மாதிரி வரும். கோட்ஷிங் ஹவாயன் ஸ்டீல் பாரும் (கம்பி மேல வழுக்க விடுற இரும்புத் துண்டு) உருட்டியிருக்காரு, நான் மோட்டார் வொர்க்‌ஷாப்புல நட்டு கழட்டுற சாக்கெட் ஒண்ணு வாங்கி வெரல்ல மாட்டிக்கிட்டேன், நல்லாவே வழுக்குது.

அடுத்தது நீளம். இ2-இ4னு அவரோட இன்னொரு ஆல்பம், பேரு செஸ்ல ராஜாவுக்கு முன்னால நிக்கிற சிப்பாய நகத்துற மொத மூவு. 1981 டிசம்பர் 12ல வீட்டு ஸ்டூடியோவுல ஒரே மூச்சா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வாசிச்சது, 1984லதான் வெளிய வந்துச்சு. அதுல கிட்டாரு பாதிக்கு மேலதான் வருது! அது வரைக்கும் ரெண்டே கார்டுதான் (ஒண்ணா சேந்து ஒலிக்கிற நோட்டுக் கூட்டம்) சுத்திக்கிட்டு இருக்கும். நீங்களும் மொத இருவது நிமிஷம் சோலோ பக்கமே போவாதீங்க, கை அரிக்கும், விட்ருங்க.

ஃபிளாட்டுன்னா ஹெட்ஃபோன் ஓட்டை உள்ள சின்ன ஆம்ப்பா வாங்கிக்கோங்க. போன்ல ரெக்கார்ட் பண்றவங்க ஏரோப்ளேன் மோடு போட்டுட்டு ஆரம்பிங்க, எனக்கு நாப்பதாவது நிமிஷத்துல, அப்பதான் எல்லாம் கூடி வருது, அம்மா கால் பண்ணி சாப்பிட வர்றியா இல்லியான்னாங்க, ரெக்கார்டிங் அங்கயே கட்டு.