தடாவிலிருந்து கிளம்பி, இரண்டு நாளில் சென்னையில் நான்கு நாடகம்

ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை, வரதய்யபாளையம் என்று ஆந்திர எல்லையை ஒட்டி வாழும் நம்மவர்கள் ஆஸ்பத்திரிக்கும் துணிக்கடைக்கும் கல்யாணத்துக்கும் சென்னை போவதற்குத் தயங்குவதில்லை. நாடகம் பார்க்கப் போகலாம் என்றால் மட்டும் அது பணக்காரர் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சனிக்கிழமை காலையில் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்புவதற்குள் மூன்று நாடகங்களை நிச்சயமாகவும், திட்டம் சரியாக அமைந்தால் நான்கையும், ஒரு சாதாரண கோயில் பயணத்துக்கு ஆகும் செலவுக்குள் பார்த்துவிட முடியும். பல வருடங்களாக நான் இப்படித்தான் பார்த்துவருகிறேன். காசு கரைவது பெரும்பாலும் டிக்கெட்டில் அல்ல, ஆட்டோவிலும் அறை வாடகையிலும்தான் என்பது முதலிரண்டு பயணங்களிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதனால் கீழே சொல்வதில் பாதி, அரங்குகளை எந்த வரிசையில் கோத்துக்கொள்வது என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

திட்டத்தைக் கடைசியிலிருந்து போட வேண்டும். எல்லோரும் சனிக்கிழமை மதியம் எதைப் பார்ப்பது என்று தொடங்குகிறார்கள். நான் ஞாயிறு மாலை எந்த நாடகம், அது எத்தனை மணிக்கு முடியும், அந்த அரங்கிலிருந்து ரயிலடிக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை முதலில் முடிவுசெய்கிறேன். சபாக்களில் தமிழ் நாடகம் பெரும்பாலும் மாலை ஆறே முக்கால் அல்லது ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். ஆங்கில நாடகக் குழுக்களும் நவீன நாடகக் குழுக்களும் வார இறுதியில் மாலைக் காட்சியோடு பிற்பகல் காட்சி ஒன்றும் நடத்துவதுண்டு. ஆகவே இரண்டு பிற்பகல்களில் இந்தக் குழுக்களையும் இரண்டு மாலைகளில் சபா நாடகங்களையும் வைத்துக்கொண்டால் நான்கு கணக்காகிவிடும். ஒரே குழுவின் ஒரே நாடகத்துக்குப் பிற்பகல், மாலை என இரண்டு காட்சிகள் இருந்தால் பிற்பகலையே எடுங்கள். மாலை நேரம் மற்றொன்றுக்குக் கிடைக்கும்.

சபா நாடகம் ஏன் மலிவு என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். சபா என்பது உறுப்பினர்களிடம் சந்தா வாங்கி மாதந்தோறும் சில நிகழ்ச்சிகளை நடத்தும் அமைப்பு. நாடகக் குழுவுக்கு ஒரு தொகை கொடுத்து அன்றைய காட்சியைச் சபா தன் உறுப்பினர்களுக்காக ஏற்பாடு செய்கிறது. மீதியுள்ள இருக்கைகளே வெளியாருக்கு. அதனால் முன்வரிசைகளில் உறுப்பினர்கள் வருடக்கணக்காகப் பழகிய தங்கள் நாற்காலிகளில் அமர்ந்திருப்பார்கள். நமக்குப் பின்வரிசையோ மாடியோ கிடைக்கும், அதற்குச் சில நேரம் சிறு தொகை, சில நேரம் கட்டணமே இல்லை. இந்த ஏற்பாட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு குழு தன் புதிய நாடகத்தை ஒரு சபாவில் போட்டுவிட்டு நிறுத்திவிடாது. அடுத்தடுத்த வாரங்களில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வேறு வேறு சபாக்களில் அதையே போடும். 1952இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், 1979இல் தொடங்கிய கிரேசி கிரியேஷன்ஸ் போன்ற பழைய குழுக்கள் இப்படித்தான் ஊர் முழுக்கச் சுற்றிவருகின்றன. ஒரு சபாவில் தவறவிட்டதற்காக அதிக விலை கொடுத்து வேறு எதையும் வாங்க வேண்டியதில்லை, அடுத்த சபாவின் மாதப் பட்டியலைப் பார்த்தால் போதும்.

அந்தப் பட்டியலுக்குச் சபாவுக்கே தொலைபேசியில் பேசுவதுதான் நம்பகமான வழி. இணையத்தில் வரும் அறிவிப்பில் தேதி மாறியிருந்தால் திருத்தமாட்டார்கள். இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை சனிக்கிழமை மாலை ஒரு சபாவின் வாசலில் போய் நின்றபோது, கேட்டின் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சிறு சிலேட்டில், “இன்றைய நாடகம் ஒத்திவைப்பு” என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. உள்ளே இருந்த காவலாளி, “காலையிலயே எழுதிட்டாங்களே சார்” என்றார், நான் தடாவில் இருந்தபடியே அதைப் படித்திருக்க வேண்டும் என்பதுபோல. அன்றிலிருந்து புறப்படும் நாள் காலையில் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறேன். கேட்கும்போது நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: உறுப்பினரல்லாதவர்களுக்கு அனுமதி உண்டா, டிக்கெட்டா இலவசமா, எத்தனை மணிக்குக் கதவு திறப்பார்கள், நாடகம் எத்தனை நிமிடம். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டணக் காட்சிகளில் இணையத்தில் வாங்கினால் டிக்கெட் விலையின்மேல் சேவைக் கட்டணம் ஏறும். நான்கு நாடகம், இரண்டு பேர் என்று கணக்கிட்டால் அது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அரங்க வாசலில் விற்பார்கள் என்று குழுவினர் உறுதி சொன்னால் அங்கேயே வாங்குங்கள். பெயர் பெற்ற குழு, சிறிய அரங்கு என்றால் மட்டும் அந்தக் கட்டணத்தைப் பார்க்காமல் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் நம் தூரத்திலிருந்து போய் வெறுங்கையோடு திரும்புவதைவிட அது மலிவு. விலைகுறைந்த வரிசையை எடுக்கத் தயங்க வேண்டாம். வசனத்தை நம்பி நடக்கும் சபா நாடகத்துக்குப் பின்வரிசை போதும், ஒலிபெருக்கி இருக்கிறது. உடலையும் முகத்தையும் நம்பி நடக்கும் நவீன நாடகத்துக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து முன்னால் உட்கார வேண்டும்.

இனி அரங்குகள். நகரை மூன்று கொத்துகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு நாளில் ஒரு கொத்தைவிட்டு வெளியே போகாமல் இருப்பதுதான் ஆட்டோ செலவை அடக்கும் வழி. முதலாவது எழும்பூர், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டுப் பகுதி. பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கும் மியூசியம் தியேட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. அரைவட்டமாக இறங்கும் இருக்கைகளும், மேடையில் மெல்லப் பேசினாலும் காதில் விழும் ஒலியமைப்பும் கொண்டது. பிற்பகல் காட்சிக்கு முன் நேரமிருந்தால் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளைப் பார்த்துவரலாம், ஆனால் வெள்ளிக்கிழமை அது மூடியிருக்கும். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள அலையான்ஸ் பிரான்சேஸிலும், ரட்லண்ட் கேட்டிலுள்ள ஜெர்மன் பண்பாட்டு நிலையத்திலும் கட்டணமில்லாத நிகழ்ச்சிகள் அடிக்கடி நடக்கும். நான்காவது நாடகத்தை நான் பெரும்பாலும் இங்கேதான் தேடுவேன். சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் லேடி ஆண்டாள் பள்ளி வளாகத்திலுள்ள சர் முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கில் பெரிய ஆங்கில நாடகங்கள் வரும். அங்கே டிக்கெட் விலை நம் கணக்கைக் குலைத்துவிடும், ஒரு பயணத்துக்கு ஒன்று போதும்.

இரண்டாவது மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை. டி.டி.கே. சாலையில் நாரத கான சபா, ஆலிவர் சாலையில் மயிலாப்பூர் பைன் ஆர்ட்ஸ் கிளப், சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன் ஆகியவை ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருக்கின்றன. வித்யா பவனில் மாலை நிகழ்ச்சிகள் பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது. கோடையில் ஏப்ரல், மே மாதங்களில் கார்த்திக் பைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாதான் நம்மைப் போன்றவர்களுக்கு வாய்ப்பான காலம். நாரத கான சபாவில் மாலைக்கொரு புதிய நாடகமாக அடுத்தடுத்து அரங்கேறும். விடுமுறையில் மூன்று நாள் தங்க முடிந்தால் கொத்தை மாற்றாமல் மூன்று நாடகம் கிடைத்துவிடும்.

மூன்றாவது தியாகராய நகர். ஜி.என். செட்டி சாலையிலுள்ள வாணி மஹாலைப் பற்றி எல்லைக்காரனாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்: அதை நடத்தும் தியாக பிரம்ம கான சபாவைத் தொடங்கியவர் நம் பக்கத்து நடிகரான சித்தூர் வி. நாகையா. தமிழ் நாடகத்துக்குத் தெலுங்குத் தொடர்பு இதோடு முடிவதில்லை. சென்ட்ரலில் இறங்கியதும் ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் தெரியும் செங்கல் நிற விக்டோரியா பப்ளிக் ஹாலில், பெல்லாரியிலிருந்து வந்த சரச வினோதினி சபையார் நடித்த தெலுங்கு நாடகங்களைப் பார்த்த பிறகே பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். தியாகராய நகரில் இன்னொன்று கிருஷ்ண கான சபா. சனிக்கிழமை மாலை இந்த இரண்டுக்கும் மாம்பலம் ரயிலடி வழியாகப் போகாதீர்கள். ரங்கநாதன் தெருவின் கூட்டத்துக்குள் பையோடு மாட்டிக்கொண்டு நாடகத்தின் முதல் காட்சி முழுவதையும் நான் இழந்திருக்கிறேன். தேனாம்பேட்டை மெட்ரோவில் இறங்கிப் பேருந்திலோ பங்கு ஆட்டோவிலோ போவது நிம்மதி.

பொங்கல் நாட்களில் போனால் தமிழக அரசு நடத்தும் சென்னை சங்கமம் விழாவில் பூங்காக்களிலும் திடல்களிலும் தெருக்கூத்தும் பிற நாட்டுப்புறக் கலைகளும் இலவசமாக நடக்கும். ஆனால் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு துண்டுபோலத்தான் இருக்கும். என் அத்தையை முதல் தடவை வாணி மஹாலுக்கு அழைத்துப்போயிருந்தேன். எட்டே முக்காலுக்குத் திரை விழுந்து விளக்குப் போட்டதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அத்தை மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். “எழுந்திருங்கத்தே, முடிஞ்சுடுச்சு” என்றேன். “என்னடா முடிஞ்சுது? நம்ம ஊர்ல இந்நேரத்துக்குக் கட்டியங்காரனே வந்திருக்கமாட்டானே” என்றார், கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளியை நினைத்து. முதன்முறை பெரியவர்களை அழைத்துப்போகிறவர்கள் நாடகம் எவ்வளவு நேரம் என்பதை அவர்களுக்கும் முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலைக்கும் மதியத்துக்கும் வீட்டிலிருந்து புளியோதரையோ இட்லியோ கட்டிக்கொண்டு போனால் முதல் நாள் கழிந்துவிடும். மாலையில் கேன்டீன் உள்ள சபா என்றால் ஆறு மணிக்கே போய்ச் சிற்றுண்டியை முடித்துவிடுங்கள். இடைவேளையில் போனால் காப்பி கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும்.

இனிப் போக்குவரத்து. சூலூர்பேட்டை வழித்தடத்தின் மின்சார ரயிலில் வருகிறவர்கள் எல்லோரும் சென்ட்ரலை அடுத்த மூர் மார்க்கெட் நிலையம் வரை போகிறார்கள். நாரத கான சபாவுக்கோ தியாகராய நகருக்கோ போவதானால் விம்கோ நகரிலேயே இறங்கிவிடலாம். அருகிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, அங்கிருந்து நீல வழித்தடம் உயர்நீதிமன்றம், சென்ட்ரல், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு வழியாகத் தேனாம்பேட்டைக்கு மாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். எழும்பூருக்கு மட்டும் சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். மயிலாப்பூர் மாட வீதிகளுக்குச் சென்ட்ரல் எதிரேயுள்ள பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்குவது மலிவு. பெண்களுக்கு மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பயணம் இலவசம். ஆந்திராவில் குடியிருக்கும் பெண்களிடமும் டிக்கெட்டுக்குக் காசு கேட்பதில்லை.

தங்குவதற்குத் திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் உறவினர் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், மெட்ரோ இரவு பதினொரு மணியளவு வரை ஓடுகிறது. உறவினர் இல்லாதவர்களுக்கு எழும்பூர் கென்னத் லேன், வால்டாக்ஸ் ரோடு விடுதிகள் உண்டு. அறையைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். ஞாயிறு காலையில் அறையைக் காலி செய்துவிட்டுப் பையை ரயில் நிலையப் பொருள் காப்பறையில் போட்டுவிட்டால் இரண்டாம் நாள் வாடகை மிச்சம்.

ஞாயிறு இரவுதான் கவனமாக இருக்க வேண்டிய இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில்கள் குறைவு. வார இறுதியில் தண்டவாளப் பராமரிப்புக்காக இந்தத் தடத்தில் வண்டிகளை ரத்து செய்வதும் அடிக்கடி நடக்கிறது, அறிவிப்பை வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுங்கள். இரவில் கிளம்பும் வண்டிகளில் பல கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதற்கப்பால் எளாவூர், ஆரம்பாக்கம், தடாவுக்கு அந்த நேரத்தில் வாகனம் பிடிப்பது நாடக டிக்கெட்டைவிட அதிகச் செலவு. ஆகவே ஞாயிறு மாலை நாடகத்தைச் சூலூர்பேட்டை வரை போகும் கடைசி வண்டியின் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக முடியும்படி தேர்ந்தெடுங்கள். அது முடியாவிட்டால் ஞாயிற்றுக்குப் பிற்பகல் காட்சி ஒன்றோடு நிறுத்திக்கொண்டு மூன்று நாடகத்தில் திருப்திப்படுங்கள். ரயில் தவறிவிட்டால் மாதவரம் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். ஆந்திரப் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. நெல்லூர் வண்டிகள் நம் ஊர் வழியாகவே போனாலும் எல்லாம் நிற்பதில்லை. ஏறுவதற்கு முன் நடத்துநரிடம், “தடாலோ ஆபுதாரா?” (தடாவில் நிறுத்துவீர்களா?) என்று தெலுங்கிலேயே கேளுங்கள். பாலத்துக்கு மேலே போகிற வண்டியா, ஊருக்குள் இறங்குகிற வண்டியா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.