தலைக்குள் ஃபிஸ்டுலா என்றால் என்ன செய்ய வேண்டும்: கேத் லேப் நர்ஸ் சொல்கிறேன்

“காதுக்குள்ளேயே நாடி துடிக்கிற மாதிரி சத்தம் கேட்குது சிஸ்டர்” என்று சொல்லிக்கொண்டு எங்கள் கேத் லேபுக்கு (ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) வருபவர்கள் பலர், அதற்கு முன் காது டாக்டரிடம் மாதக்கணக்கில் அலைந்தவர்கள். மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா உறையில் ஒரு தமனி, இடையில் நுண்குழாய்களே இல்லாமல், நேராகச் சிரையில் போய்ச் சேர்ந்திருக்கும். அதுதான் டியூரல் ஃபிஸ்டுலா, அந்தச் சத்தத்துக்குக் காரணமும் அதுதான்.

ஆஞ்சியோ (தலை ரத்தக்குழாய்களை மருந்து செலுத்திப் படமெடுப்பது) ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: “ரத்தம் மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குள் எதிர்த்துப் போகிறதா?” போகவில்லை என்றால் பெரும்பாலும் அவசரமில்லை. சத்தம் தூங்கவிடாமல் படுத்தினால் சிகிச்சை பற்றிப் பேசலாம். போகிறது என்றால் மூளையில் ரத்தக்கசிவு வரலாம், கல்யாணம், அறுவடை என்று தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று: சிகிச்சை எதுவும் எடுக்காமலே சத்தம் திடீரென நின்றுவிட்டால் சந்தோஷப்பட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. ரத்தம் வேறு வழிக்கு மாறியிருக்கலாம், உடனே காட்டுங்கள்.

அட்மிஷனுக்கு வரும்போது மாத்திரைகளை அட்டையோடு கொண்டு வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இரண்டையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கிட்னிக்கான கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் தேவை. முன்பு சி.டி. ஸ்கேன் மருந்துக்கு அலர்ஜி வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, ஓனிக்ஸ் என்ற திரவத்தால் இணைப்பை அடைப்பார்கள். சில இடங்களில் பிளாட்டினம் கம்பிச் சுருள் (காயில்) வைப்பதும் உண்டு. திரவத்தைத் துளித்துளியாக விட்டு, நிறுத்தி, பார்த்துத்தான் மறுபடி விடுவார்கள். அதனால் மணிக்கணக்கில் ஆகும், வெளியே இருப்பவர்கள் பதற வேண்டாம். திரும்பி வரும் நோயாளியின் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். ஓனிக்ஸைக் கரைத்திருக்கும் டி.எம்.எஸ்.ஓ. செய்கிற வேலை அது, ஓரிரு நாளில் போய்விடும்.

தொடை வழி என்றால் சொன்ன நேரம் வரை காலை மடக்கக் கூடாது. இருமல் வந்தால் கட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். இடுப்புக்குக் கீழே வெதுவெதுப்பாக ஈரம் தெரிந்தாலோ, பாதம் சில்லிட்டாலோ நர்ஸைக் கூப்பிடுங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் தயங்க வேண்டாம். வீட்டுக்குப் போனபின் கடும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எது வந்தாலும் நேராக எமர்ஜென்சிக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம், சத்தம் முழுக்க நின்றிருந்தாலும் சில மாதங்கள் கழித்துச் சொல்லும் ஆஞ்சியோவுக்கு வாருங்கள், பழைய ஆஞ்சியோ படங்கள் உள்ள சி.டி. டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு.