கஷ்டத்துல இருக்கவங்களப் பாக்கப் போறப்ப தயவுசெஞ்சு இதெல்லாம் பண்ணாதீங்க

எங்க அத்தைக்கு கேன்சர்னு தெரிஞ்சு திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சிட்டு இருந்த நாள்ல, வீட்டுக்கு வந்த எல்லாரும் நல்ல மனசோடதான் வந்தாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அவங்க ஜெபம் பண்ணிட்டு போனதும் அத்தை செவத்தப் பாத்து திரும்பிப் படுத்துக்கிடுவாங்க. ஏன்னு அப்ப புரியல, இப்ப புரியுது.

ஒருத்தர் வந்து "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க"ன்னு கேட்டார். மருந்து ஏத்திட்டு வந்து வாந்தி நிக்காம கெடக்குற மனுஷிகிட்ட கேக்குற கேள்வியா இது? வேதத்துல யோவான் 9ல பிறவிக் குருடனப் பாத்து இயேசுவோட சீஷர்களும் இதத்தான் கேட்டாங்க, யார் செஞ்ச பாவம்னு. இவனும் இல்ல, இவனப் பெத்தவங்களும் இல்லன்னு இயேசு சொல்லிட்டார். அதுக்கு அப்புறமும் நாம ஏன் கேக்கோம்?

எல்லாத்தையும் இழந்து கெடந்த யோபுவப் பாக்க வந்த நண்பர்கள நாம குத்தம் சொல்லுவோம், ஆனா அவங்க முதல்ல பண்ணது ரொம்ப சரி. ஏழு ராத்திரி ஏழு பகல் ஒரு வார்த்த பேசாம அவரோட தரையில இருந்தாங்க. வாயத் தொறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்ச பிறகுதான் எல்லாம் கெட்டுப்போச்சு, கடைசில அவங்கள்ல ஒருத்தரான எலிப்பாஸ்கிட்ட எனக்குக் கோபம்னு கர்த்தரே சொல்லுற அளவுக்கு. "எல்லாம் தேவ சித்தம்", "நன்மைக்குத்தான்"னு நாம சொல்றதும் அதே காரணம் சொல்றதுதான். நானும் அத்தைகிட்ட சொல்லியிருக்கேன், அத நெனச்சா இன்னைக்கும் மனசு வலிக்குது.

விசுவாசம் இருந்தா மருந்து எதுக்குன்னு தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லாதீங்க. பவுலே தன்கூட ஊழியம் பண்ண துரோப்பீமுவ வியாதியா மிலேத்துல விட்டுட்டு வந்தேன்னு எழுதியிருக்கார், அவருக்கு விசுவாசம் பத்தலையா? 1800கள்லயே கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர்ல ஆஸ்பத்திரி தொடங்குனதும் ஊழியம் பண்ண வந்த மிஷனரிமார்தான்.

அப்புறம் ஜெபக்குறிப்புன்னு சொல்லி அவங்க ரிப்போர்ட்ட வாட்ஸ்அப் குரூப்ல போடுறது. கேக்காம போடாதீங்க.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு வர்றதும் பெருசா உதவாது, ஏன்னா கஷ்டத்துல இருக்கவங்களுக்கு என்ன வேணும்னு யோசிக்கவே தெம்பு இருக்காது, தெம்பு இருந்தாலும் கேக்க கூச்சமா இருக்கும். எங்க பக்கத்து வீட்டு அக்கா கேக்கவே மாட்டாங்க, கஞ்சியும் பயறும் தூக்குல கொண்டு வருவாங்க, கெடக்குற பாத்திரத்தக் கழுவி வெப்பாங்க, "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் கூட வாறேன், மாமா அன்னைக்கு ஒறங்கட்டும்"னு சொல்லுவாங்க. சாகணும்னு படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணல பாத்துக்கிடுங்க. ஒறங்க விட்டு, எழுப்பி, சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான், திரும்பவும் ஒறங்க விட்டான்.

அழாதீங்கன்னும் சொல்லாதீங்க. செத்துப்போன லாசருவ உயிரோட எழுப்பப் போறேன்னு தெரிஞ்சும் இயேசு அழுதார். 2017 நவம்பர் 30ல ஓகி புயல் அடிச்சப்ப எங்க குமரி கடற்கரையில தூத்தூர், வள்ளவிளை பக்கமெல்லாம் கடலுக்குப் போன ஆம்பளைங்க எத்தனையோ பேர் திரும்பி வரல, பல வீட்டுக்கு உடம்பு கூட கிடைக்கல. அடக்கம் பண்ண ஒண்ணுமே இல்லாத வீட்ல போய் "பரலோகத்துல பாக்கலாம், தேத்திக்கிடுங்க"ன்னா அந்தப் பொம்பள என்ன செய்வா? சங்கீதம் 88 இருள்லயே முடியுது, கடைசி வரி வரைக்கும் ஆறுதல் இல்ல, அதையும் வேதத்துல வெச்சிருக்கு. அவ அழட்டும், கூட இருங்க.

அடக்கம் முடிஞ்சு பந்தலப் பிரிச்சதும் எல்லாரும் காணாம போறது இருக்கே, அதுதான் எனக்குப் பெரிய தப்பாத் தெரியுது. அத்தை போய் ஒரு வருஷம் ஆன அன்னைக்கு மாமாவுக்கு ரெண்டே ரெண்டு போன்தான் வந்துது. ராத்திரி அந்தப் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மீன்குழம்போட வந்து, அத்தை வெக்குற மாதிரி வராதுன்னு சொல்லி வெச்சிட்டு, மாமா சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருந்தாங்க.