சிறுநீர் கல்ச்சரில் (கிருமிப் பரிசோதனை) கிருமி இல்லை, ஸ்கேனும் நார்மல். ஆனாலும் அடிவயிறு வலித்தது (என் அனுபவம்)

அடிவயிற்றில் கனமான வலி. உட்கார்ந்தால் கூடும், அடிக்கடி சிறுநீர் முட்டும். ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. கீகல் பயிற்சி தொடங்கியதும் வலி ஏறியது. துப்பே அதுதான்: தளர்ந்த இடுப்புத்தளத் தசையை (சிறுநீர்ப்பை, கருப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை) இறுக்கும் பயிற்சி அது. எனக்கோ அந்தத் தசை ஏற்கெனவே இறுகிக் கிடந்தது.

மகளிர் மருத்துவர் உள்பரிசோதனையில் ஒற்றை விரலால் அந்தத் தசையைப் பக்கவாட்டில் அழுத்தினார். அதே வலி எழுந்தது. ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) மட்டும் வைத்துப் பார்த்தால் இது தப்பிவிடும்.

கீகலை நிறுத்தியாயிற்று. பிசியோதெரபிஸ்ட் கையால் தசையைத் தளர்த்தினார். வீட்டில் தினமும் 10 நிமிடம்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை இழுக்கும்போது வயிறு உயர, இடுப்புத்தளம் தானாகக் கீழிறங்க விட வேண்டும். முக்கக் கூடாது; முக்கினால் தசை திரும்ப இறுகும். வலி மெதுவாகத்தான் இறங்கியது. வெளியே கிளம்புமுன் 'எதற்கும் ஒருமுறை' சிறுநீர் கழிக்கும் பழக்கத்தை விட்டபின் முட்டலும் குறைந்தது.